பாலைவனத்தில் பார்த்த வேலிகாத்தான்

அறுப்பு முடிஞ்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, மாசி பிறந்த கையோட ஜோத்பூர் போய்ட்டு வந்தேன். மருமகன் அங்க விமானப்படையில இருக்கார். "பேரனைப் பாக்க எப்பதாம்பா வருவ"ன்னு மக மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தா. மாசி மகத்துக்கு எங்க ஸ்ரீமுஷ்ணம் பூவராக சாமி கிள்ளை கடற்கரைக்குப் புறப்படறதுக்குள்ள திரும்பிடணும்னு வீட்ல கண்டிஷன். சென்னையில ரயில் ஏறினா ரெண்டு ராத்திரி.

ராஜஸ்தானுக்குள்ள ரயில் நுழைஞ்சதும் ஒரு விஷயம் கவனிச்சேன். உழுது போட்ட நிலத்துக்கு நடுவுலயே மரம் நிக்குது. வரப்புல இல்ல, நடு வயல்ல. நம்ம ஊர்ல நிழல் விழும்னு அதை முதல்ல வெட்டியிருப்பான். மக வீட்டுக்குப் போய்க் கேட்டா, "அது கேஜ்ரிப்பா, அந்தக் காயைத்தான் நேத்து பொரியல் பண்ணேன்"கிறா. ஒரு கிளையைக் கையில எடுத்துப் பார்த்தேன். அட, நம்ம வன்னி! விருத்தாசலம் பழமலைநாதர் கோயில்ல தல விருட்சமா நிக்குதே, அதே வன்னிதான். நாம கோயிலுக்குள்ள வச்சுச் சுத்தி வர்றோம். அவங்க அதுக்கடியில கம்பு விதைச்சு, காயைச் சமைச்சு, தழையை ஆட்டுக்குப் போடறாங்க. ஜோத்பூர் பக்கத்துல கேஜர்லினு ஒரு கிராமம். 1730ல ராஜாவோட ஆளுங்க இந்த மரங்களை வெட்ட வந்தப்போ, அம்ரிதா தேவிங்கிற பெண் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உயிரை விட்டாங்களாம். அவங்களைத் தொடர்ந்து மொத்தம் 363 பிஷ்னோய் மக்கள் செத்ததா அந்த ஊர் வரலாறு சொல்லுது. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு மனசுக்குள்ள ஒரு முள்ளு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கோட்டை, அரண்மனை எல்லாம் காட்டினாங்க. அதைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி இருக்கிற ஒரு காட்டைப் பத்தி. ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கானு பேரு. சுமார் 70 ஹெக்டேர், நம்ம கணக்குல 170 ஏக்கருக்கு மேல. பூங்கான்னதும் புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். வாசல்ல நின்னு பார்த்தா வெறும் பாறை, பாறைக்கு நடுவுல முள்ளு.

"இதைப் பாக்கவா மாப்ள லீவு போட்டீங்க?"

"கொஞ்சம் நடங்க மாமா, அப்புறம் சொல்லுங்க."

நடக்கிறதுக்குக் கலர் அடையாளம் போட்ட பாதைகள் இருக்கு. நாங்க போனது ஒரு கால்வாய் வழியா. ஆத்தோரக் கால்வாய் இல்ல. எரிமலைக் குழம்பு இறுகிப் போன பாறையில உளி வச்சு வெட்டினது. பாறைக்கு வயசு 70 கோடி வருஷமாம். மேட்டுல விழற மழையைக் கோட்டைக்குக் கீழ இருக்கிற குளத்துக்குக் கொண்டு போறதுக்காக அந்தக் காலத்துல வெட்டியிருக்காங்க. அங்க வருஷத்துக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழை. நம்ம கடலூர் மாவட்டத்துல 1,200க்கு மேல. அந்த 350க்கு அவன் பாறையைக் குடைஞ்சிருக்கான், 1,200ஐ வச்சுக்கிட்டு நாம ஏரி வரத்து வாய்க்கால்ல பிளாஸ்டிக் கொட்டறோம்.

வெயில் ஏர்றதுக்குள்ள நல்லா நடந்தோம். கருஞ்சிட்டு ஒண்ணு எங்களுக்கு முன்னாடியே கல்லு கல்லாத் தாவிக்கிட்டு வந்துச்சு. கன்னத்துல வெள்ளைத் திட்டு வச்ச கொண்டைக்குருவியை அங்கதான் முதல்ல பார்த்தேன். கள்ளி எல்லாம் இலையை உதிர்த்துட்டு ஆள் உயரத்துக்குப் புதர் புதரா நிக்குது. ஒரு இடத்துல வெள்ளையாப் பஞ்சு மாதிரிப் பூ. பொங்கலுக்குக் காப்புக் கட்டறோமே சிறுபூளை, அதோட பெரிய அண்ணன். அந்தப் பஞ்சைத் தலையணைக்கு அடைப்பாங்களாம். நான் அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னதைப் பேரன் போட்டோ எடுத்தான்.

கூட வந்த வழிகாட்டிப் பையன் இந்தியில சொல்லச் சொல்ல மருமகன் தமிழ்ல சொன்னார். இந்த இடம் முழுக்க முன்னாடி 'பாவ்லியா'ங்கிற ஒரே மரம்தானாம். 1930கள்ல மகாராஜா விமானத்துலேர்ந்து அதோட விதையைத் தூவ வச்சதாச் சொல்றாங்க. பச்சையா இருக்கட்டும்னு நல்லெண்ணத்துலதான். அது எல்லாத்தையும் அமுக்கிடுச்சு. வேலியோரமா ஒரு கிளையைக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம வேலிகாத்தான்! நீங்க பேப்பர்ல சீமைக்கருவேலம்னு படிப்பீங்க.

2006ல இந்த வேலையை ஆரம்பிச்சவர் பிரதீப் கிருஷன். முன்னாடி சினிமா டைரக்டர், அப்புறம் மரம் பக்கம் வந்துட்டார். வெட்டிப் பார்த்தாங்க, தழைஞ்சுது. பாறை இடுக்குல வேர் விட்ட மரத்தை எப்படி எடுக்கிறது? கடைசியில கல்லுடைக்கிற ஆளுங்களைக் கூப்பிட்டிருக்காங்க. கண்ட்வாலியானு பேரு, பரம்பரையாக் கல் வெட்டறவங்க. சுத்தியால தட்டி, வர்ற சத்தத்தை வச்சே பாறை எங்க பொத்தல், எங்க கெட்டினு சொல்லிடுவாங்க. ஒவ்வொரு மரத்தையும் சுத்தி உளியால குடைஞ்சு, ஒன்றரை அடி ஆழத்துக்கு வேரைத் தோண்டி எடுத்திருக்காங்க. அப்படிக் கிடைச்ச குழியிலயே அந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகளைத் தேடிக் கொண்டுவந்து நட்டிருக்காங்க. வேர் போன இடம்னா அங்க பாறை இளகியிருக்கும், கொஞ்சம் ஈரமும் நிக்கும். எங்க நடணும்னு எதிரியே காட்டிக் கொடுத்துட்டான்.

நான் அந்தக் குழி ஒண்ணுக்குப் பக்கத்துல உக்காந்துட்டேன். மூச்சு வாங்குதுன்னு மருமகன் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

எங்க ஏரிக்கு மேற்கே அப்பா காலத்து செம்மண் மேடு ரெண்டு ஏக்கர். அவர் அதுல மல்லாட்டை போட்டார். அவருக்குப் பிறகு தண்ணி இல்லாம கிடந்து வேலிகாத்தான் ஏறிடுச்சு. 2017ல மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டு ஊரெல்லாம் ஜேசிபி ஓடினது ஞாபகம் இருக்கா? நானும் ஒரு வண்டியை மணிக் கணக்குக்குப் பிடிச்சு, "எல்லாத்தையும் தள்ளிடுப்பா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். வந்து பார்த்தா தரை சுத்தம். வடமேற்கு மூலையில அப்பா விட்டு வச்சிருந்த வன்னியும் சேர்த்து சுத்தம். வண்டிக்காரப் பையனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கு. தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும். கிட்டப் போனாத்தான், வேலிகாத்தானுக்குக் கணுவுல ஜோடியா நீள முள்ளு, வன்னிக்குக் கிளை நெடுக அங்கொண்ணு இங்கொண்ணாச் சின்ன முள்ளுன்னு தெரியும். அவன் மேல தப்பில்ல, நான் கூட நின்னிருக்கணும். அம்மா அந்த மரத்தடியிலதான் கஞ்சிக் கலயத்தை இறக்கி வைப்பாங்க. அவங்க ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, மரம்தான் போச்சு, நிலமாவது மிஞ்சுச்சா? அடுத்த மழைக்கே வேலிகாத்தான் முட்டு முட்டாத் தழைஞ்சுது. ஜேசிபி மரத்தைத்தான் முறிச்சுது, மண்ணுக்கடியில தூர் அப்படியே இருந்தது. அது பத்தாதுன்னு ஆடுங்க காயைத் தின்னுட்டு வந்து புழுக்கையோட விதையைப் போட்டுச்சுங்க. கரி மூட்டம் போடறவங்களுக்கு வெட்ட விட்டேன், கொஞ்சம் காசு வந்தது. வெட்ட வெட்டப் புதர் இன்னும் அடர்த்தியாச்சு.

ஊர் திரும்பினதும் மகம் முடியட்டும்னு இருந்து, மறுநாள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போனேன். நமக்குப் பாறை இல்ல, செம்மண்தான். ஒரு முழம் தோண்டி, தூருக்குக் கீழ வேரை அறுத்து எடுத்துடறேன். என் வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு தூர். பங்காளி ஒருத்தர் வரப்புல நின்னு, "இந்த வயசுல புதையல் தோண்டறியா?"ன்னு கேட்டுட்டுப் போறார். நூறு நாள் வேலைக்குப் போற ரெண்டு பேரை வாரத்துல ரெண்டு நாள் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். அதுல ஒரு அக்கா மண்ணு மேல காலை வச்சே வேர் எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்றாங்க.

எடுத்த குழியில இப்பவே எதையும் நடல. ஆவாரை, காரை, நொச்சி எல்லாம் ஏரிக்கரையிலயே கிடக்கு, மழைக்குக் கொண்டு வரலாம். வன்னிக்குத்தான் அலைஞ்சேன். விருத்தாசலத்துல ஒருத்தர் பால் பாக்கெட் கவர்ல ரெண்டு கன்னு போட்டுக் கொடுத்தார். ரெண்டும் இப்ப அடிபம்புக்குப் பக்கத்துல நிழல்ல இருக்கு. நேத்து அம்மா, பாத்திரம் கழுவின தண்ணியை ஒண்ணுக்கு ஊத்திட்டு, "எந்த மூலையில வைக்கப் போற?"ன்னு கேட்டாங்க.

வடமேற்குலதான்னு சொன்னேன்.