ரவுட்டரை அணைக்காதீர்கள், சித்தப்பா

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நெட் விட்டுவிட்டுப் போகிறது என்றீர்களே, என்ன பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் வாட்ஸப்பில் நான் “ரவுட்டரில் முதல் லைட்டு...” என்று ஆரம்பிக்கும்போதே உங்கள் பக்கம் அறுந்துவிடுகிறது. தாளில் இருந்தால் ரவுட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு வேண்டுகோள். நெட் போனதும் ஓடிப்போய் ரவுட்டரை அணைத்துப் போடுகிறீர்களே, அதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பாட்டு கிளாஸ் நடுவில் சித்தி எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி. ஒரு நிமிஷத்தில் தானே வந்துவிடுகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அணைத்துப் போட்டால் மறுபடி எழுந்து வரவே இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். போதாததற்கு, எதனால் போனது என்று அதற்குள் இருக்கிற தடயமும் அழிந்துவிடும். ஒரேயடியாகச் செத்த லைனைச் சரிசெய்வது சுலபம். விட்டுவிட்டுப் போவதுதான் தலைவலி. ஆள் வந்து பார்க்கிற நேரம் ஜோராக ஓடும், அவரும் “எல்லாம் ஓகே சார்” என்று போய்விடுவார். அதனால் போகிற அந்த ஒரு நிமிஷத்திலேயே பிடிக்க வேண்டும்.

லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைஃபை. அடுத்தது ரவுட்டரும் அதன் அடாப்டரும். அதற்கப்பால் கம்பத்து வழியாகப் போகிற ஃபைபரும் கம்பெனியும். இந்த மூன்றில் எது விடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. லேப்டாப்பில் சிஎம்டி என்று தேடினால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். இரண்டு ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் (பி, ஐ, என், ஜி), ஓர் இடைவெளி, 192.168.1.1, இன்னோர் இடைவெளி, சின்னக் கோடு, அதை ஒட்டி ‘டி’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். இன்னொன்றில் அதேபோல, எண் மட்டும் 8.8.8.8. முதலாவது உங்கள் ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. ரவுட்டர் ஸ்டிக்கரில் வேறு எண் போட்டிருந்தால் அதை அடியுங்கள். இரண்டாவது வெளியே கூகுளின் சர்வரைக் கூப்பிடுகிறது. நொடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும், ஓடட்டும். நெட் போகும்போது இரண்டுமே நின்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது ஓடி இரண்டாவது மட்டும் நின்றால் வெளியே. இரண்டும் ஓடியும் வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) சமாச்சாரம், அதை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

நெட் வந்த பிறகு பிரவுசரில் அதே 192.168.1.1ஐ அடித்து, ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்று இருக்கும், ரவுட்டர் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்ற கணக்கு. நீங்கள் கை வைக்காமலேயே அது சில நிமிஷம் என்று காட்டினால் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. கரண்ட் பக்கம் பாருங்கள். ரவுட்டர் பல நாளாக விழித்திருந்து, இன்டர்நெட் இணைப்பின் நேரம் மட்டும் புதிதாக இருந்தால் லைன் விட்டிருக்கிறது.

எனக்கு முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். காலையில் மோட்டார் போடுகிற நேரத்தில் அதிகம் போகிறது என்று சித்தி சொன்னது ஞாபகம் இருக்கிறது. போர் மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். நல்ல அடாப்டர் அதைத் தாங்கும். வருஷக்கணக்காகச் சூட்டிலேயே கிடந்து உள்ளே கெப்பாசிட்டர் உப்பிய அடாப்டர் தாங்காது. லைட்டெல்லாம் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக வருகிறதா என்று மோட்டார் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேறு வாங்குவதென்றால் வோல்ட் பழையதில் போட்டிருப்பதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. சொருகும் முனையும் பொருந்த வேண்டும், அதனால் பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கரண்ட் கட்டாகி இன்வெர்ட்டர் எடுக்கும் நேரத்திலும் ரவுட்டர் அணைகிறது என்றால், இன்வெர்ட்டரில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறிவிடும்.

அடாப்டர் நிரபராதி என்றால் ஃபைபர். எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். அந்த மஞ்சள் வயர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் இறுக்கிச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி. ரொம்ப மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். தளர்வாகப் பெரிய வட்டமாக விடுங்கள். பச்சை முனையை மட்டும் கழற்றவே வேண்டாம். வேட்டி நுனியால் துடைத்தால் தூசு இன்னும் ஏறும். முனைக்குள் எட்டியும் பார்க்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27 பக்கம் போயிருந்தால் லைன் விளிம்பில் நிற்கிறது, ஒரு மழையோ காற்றோ போதும். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் 3 கூடினாலே வருகிற ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. பல நேரம் கம்பத்து மேல் பெட்டியில் ஜாயின்ட் சரியில்லாமல் இருக்கும், இல்லையென்றால் அணில் கடித்திருக்கும்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் போகிறதென்றால் குற்றவாளி அதுதான், இரண்டும் ஒரே அலைவரிசை.

பேங்கில் லெட்ஜர் எழுதிய கை உங்களுடையது. ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த ஜன்னல் நின்றது, எந்த லைட் மாறியது, மோட்டார் ஓடியதா, மழையா என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம் போதும். தினம் ஒரே நேரத்தில் போவதும், மழைக்கு மட்டும் போவதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனிக்குப் போன் பண்ணும்போது “நெட் சரியில்லை” என்று சொல்லாதீர்கள், ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி வைத்துவிடுவார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், எல்ஓஎஸ் சிவப்பு, பவர் இவ்வளவு என்று வாசியுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வருகிறவர் மீட்டர் வைத்து உங்கள் முன்னாலேயே அளக்கட்டும். “ரவுட்டரை மாத்திடலாம் சார்” என்று ஆரம்பித்தால், நோட்டு நிரம்பட்டும் என்று சொல்லுங்கள். வேறு எதையும் பார்க்காமல் பெட்டியை மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காத வைத்தியம்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பொங்கலுக்கு வரும்போது 20 மீட்டர் லேன் கேபிள் கொண்டுவருகிறேன். சித்தி பாடுகிற அறைக்கு நேராக இழுத்துவிட்டால் கிளாஸுக்கு வைஃபையே வேண்டாம். சுவரில் ஓட்டை போட வேண்டியிருக்கும், புது பெயின்ட் அடித்த சுவர் வேறு. அதற்குச் சித்தியிடம் நீங்கள்தான் பேசி வைக்க வேண்டும், நான் மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு,
பெரியவன்