தந்தைக்கு இல்லையா சோதனை?

தங்கை தாய்மை எய்தினாள். அவளுக்குத்தான் எத்தனை சோதனைகள்! எடை பார்த்தனர், இரத்த அழுத்தம் பார்த்தனர், சர்க்கரை பார்த்தனர். மூன்றாம் திங்களில், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில், எச்.ஐ.வி. உண்டா என்றும் குருதி எடுத்துப் பார்த்தனர். இல்லை என்று வந்தது. உடன் வந்த மாப்பிள்ளை வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தார். "நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று ஆலோசகர் அழைத்தார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மச்சான், அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை என்பதுதானே கணக்கு?"

கணக்குத் தவறு, தோழர்களே! படித்தோரும் பட்டம் பெற்றோரும் போடும் தவறான கணக்கு இது. கணவனுக்குத் தொற்று இருந்தும், ஆண்டுகள் பல சென்றும், மனைவிக்குத் தொற்றாத இணையர் உண்டு. அவள் குருதி அவளுக்குத்தான் சான்று கூறும். அவளுக்குங்கூட அது அன்றைய நாளின் சான்றுதான். தொற்று புகுந்த முதற்சில வாரங்களில் சோதனைக்கு அகப்படாமல் அது ஒளிந்திருப்பதும் உண்டு.

மூன்றாம் திங்களில் இல்லாதது ஏழாம் திங்களில் வரலாம். பாலூட்டும் காலத்திலும் வரலாம். வந்தால் என்ன ஆகும்? புதிதாய்ப் புகுந்த நுண்மி முதற்சில வாரங்களில்தான் குருதியில் பல்கிப் பெருகி நிற்கும். கருவிலிருக்கும் சிசுவுக்கும், பாலுண்ணும் குழந்தைக்கும் அப்போதுதான் இடர் மிகுதி. தாயோ, "இல்லை" என்ற சீட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். மருத்துவரும் மருந்து தரமாட்டார். தரவேண்டிய காரணம் அவருக்குத் தெரியாதே!

மருந்தில்லாத காலமா இது? 1986-ஆம் ஆண்டு, இந்தச் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அன்று கண்டறிய முடிந்தது, காக்க முடியவில்லை. இன்றோ நிலைமை வேறு. மருத்துவம் ஏதும் இல்லையெனில், தொற்றுள்ள தாய்மார் ஈனும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகும். கூட்டு மருந்துச் சிகிச்சையை முறையாகக் கைக்கொண்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். கணவனுக்குத் தொற்று இருப்பின், அவன் நாள்தோறும் மருந்துண்டு, சோதனையில் தென்படாத அளவுக்கு நுண்மி குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவு வழியே மனைவிக்குத் தொற்றாது என்பதும் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அதுவரை ஆணுறை இருக்கிறது. மனைவிக்கு மறுசோதனை இருக்கிறது. எல்லாம் இருந்தும், கணவன் நிலை தெரிந்தால்தானே இவற்றில் ஒன்றேனும் பயன்படும்?

இதையெல்லாம் எடுத்துரைத்தேன். மாப்பிள்ளையின் முகம் மாறியது. "என் ஒழுக்கத்தின்மேல் ஐயமா, மச்சான்?"

அங்கேதான் இருக்கிறது முடிச்சு! அவளிடம் குருதி கேட்டபோது அவள் ஒழுக்கத்தை ஐயுறுகிறார்கள் என்று அவள் எண்ணவில்லை; கையை நீட்டினாள், அவ்வளவுதான். ஆணிடம் கேட்டால் மட்டும் மானம் ஓடிவந்து குறுக்கே நிற்கிறது! (ஊசிக்கு அஞ்சி மானத்தின் பின்னே ஒளிவோரும் உண்டு, அது வேறு கதை.) பிறர்க்குப் பயன்படுத்திய ஊசியாலும் தொற்று வரும், திருமணத்துக்கு முன்பே வந்து, பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமலும் உறங்கும். நுண்மிக்குக் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை தனியே சென்றுவந்தார். முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அவர் துணைவிக்கும் உரியது.

பெண்ணை மட்டுமே சோதிப்பதால் விளையும் கொடுமை இன்னொன்றும் உண்டு. முதலில் தெரியவருவது அவளுக்கே. ஆகவே முதற் குற்றவாளியும் அவளே! கணவனிடமிருந்து தொற்றைப் பெற்றவளையே, "இவள்தான் கொண்டுவந்தாள்" என்று தூற்றித் தாய்வீட்டுக்குத் துரத்திய குடும்பங்கள் எத்தனை! இருவரும் ஒரே நாளில், அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து கை நீட்டியிருந்தால், அவள் தலையில் மட்டும் அப்பழி விழுந்திருக்குமா?

"சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினால் என்ன?" என்று படிப்பகத்து இளைஞர்கள் கேட்கின்றனர். வேண்டாம் என்பேன். கட்டாயம் என்றதும் கணவன் ஓடுவான். ஓடுமுன் மனைவியையும் மருத்துவமனைப் பக்கம் போகவிடாமல் தடுத்துவிட்டு ஓடுவான். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒப்புதல் பெற்றே சோதிக்க வேண்டும், முடிவை மறைவாகக் காக்க வேண்டும் என்கிறது. மனைவியின் முடிவைக் கணவனிடம் சொன்னால் அவள் அடிபடவோ கைவிடப்படவோ கூடும் என அஞ்ச இடமிருப்பின், மருத்துவரோ ஆலோசகரோ அதைச் சொல்லலாகாது என்றும் விதிக்கிறது. சட்டம் இயற்றியோர் நம் இல்லங்களை ஓரளவு அறிந்துதான் இருக்கிறார்கள்!

ஆகவே, அழைப்பதுதான் வழி. அழைக்கும் சுமையையும் கருவுற்றவள் தலையிலேயே ஏற்றலாமா? "நீங்களும் வாருங்கள்" என்று சொல்ல அஞ்சி, சொல்லாமலே திரும்பும் பெண்கள் பலர். அண்ணன் சொல்லட்டும், நண்பன் சொல்லட்டும், சோதித்துக்கொண்ட தந்தை, சோதிக்காத தந்தையிடம் சொல்லட்டும். ஐயமிருப்போர் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்டறியலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பெறவேண்டும். சோதனைக்குக் காசில்லை; ஆனால் பகலில் மட்டுமே மையம் இயங்கும் ஊரில், மூட்டை சுமப்பவனும் கட்டட வேலை செய்பவனும் ஒரு நாள் கூலியை இழந்துதானே வரவேண்டும்? அத்தகைய ஊர்களில், வாரத்தில் ஒரு மாலையேனும் மையத்தைத் திறந்து வைக்குமாறு மாவட்ட மருத்துவ அலுவலர்களுக்கு மனு எழுதுங்கள். கையெழுத்து வாங்கப் போகும்போது, முதலில் ஆண்களிடம் போங்கள்.