உறைமோர்



முதல் நாள் தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து மறுநாள் பாலுக்கு உறை ஊற்றுகிறோம். அதிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியா பாலின் சர்க்கரையை அமிலமாக்குகிறது, பால் தயிராகிறது. வகுப்பில் சொன்னதுதான்.

பீர் ஆலையிலும் இதே வழக்கம் உண்டு. புளித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட்டை எடுத்து அடுத்த முறைக்குச் சேர்ப்பார்கள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883-ல் கலப்பில்லாத ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள்.

என் துணைவியாரும் அந்தக் கட்சிதான். விளக்கு வைத்தபின் தயிர் கொடுக்கக் கூடாது என்பார்கள். அவர் யார் எப்போது கேட்டாலும் கொடுப்பார். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த உறை அது. முப்பது வருடம் விடாமல் காத்தார். 2014-ல் மறைந்தார். பிறகு நான் ஊற்றி வந்தேன்.

2015 டிசம்பர் மழையில் குரோம்பேட்டை வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. உறைமோர் கெட்டுப்போனது. நாற்காலி, புத்தகம் போனதைவிட அதுதான் வலித்தது.

தண்ணீர் வடிந்தபின் பல்லாவரத்திலிருந்து பழைய பக்கத்து வீட்டு அம்மா வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். "அக்கா கொடுத்த உறைதான் சார். எங்க வீட்ல இன்னும் ஓடுது" என்றார்.

இன்று காலையும் அந்தத் தயிர்தான். கொடுக்காமல் வைத்திருந்தால் எப்போதோ போயிருக்கும்.

இந்தப் பக்கம் வருபவர்கள் ஒரு டப்பா கொண்டு வாருங்கள். விளக்கு வைத்தபின் வந்தாலும் தருவேன்.