கோல்டிட்ஸ் கோட்டையில் ஓர் இந்தியக் கைதி!

மேசையில் ஒரு கோட்டை விரிந்து கிடக்கும். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், சுவருக்கு அடியில் சுரங்கப்பாதைகள். விளையாடுபவர்களில் ஒருவர் ஜெர்மன் பாதுகாப்பு அதிகாரி, மற்ற எல்லோரும் கைதிகள். இரண்டு பகடைகளை உருட்டிக் காய்களை நகர்த்தி, காவலர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியேற வேண்டும்.

'எஸ்கேப் ஃப்ரம் கோல்டிட்ஸ்' என்ற இந்த போர்டு கேம் 1973-ல் பிரிட்டனில் வெளியானது. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான பேட் ரீட், அந்தக் கோட்டையிலிருந்து நிஜமாகவே தப்பியவர்! இரண்டாம் உலகப் போரின்போது, பிடிபட்ட நேச நாட்டு ராணுவ அதிகாரிகளில் 'அடங்காதவர்கள்' எனக் கருதியவர்களை ஜெர்மனி இங்கேதான் அடைத்தது. 1942 அக்டோபரில் மூன்று பேருடன் வெளியேறிய ரீட், சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

அனுபவப்பட்டவர் அல்லவா... விளையாட்டிலும் சும்மா சுவர் ஏறிக் குதித்துவிட முடியாது. முதலில் உணவு, மாறுவேட உடை, திசைகாட்டி, போலி ஆவணங்கள் என நான்கையும் சேர்க்க வேண்டும். அப்புறம் கயிறு, கம்பி வெட்டும் கருவி, சாவி என்று தேட வேண்டும். பிடிபட்டால் தனிமைச் சிறை. கைதிகளாக ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஆனாலும், அவ்வப்போது கைகோக்காவிட்டால் காரியம் நடக்காது. ஆட்டத்தின் ருசியே அதில்தான்!

பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து, போலந்து... இந்த நாடுகளில் ஒன்றின் கைதியாக நீங்கள் ஆடலாம். இந்தியா கிடையாது. ஆனால், கோல்டிட்ஸில் ஓர் இந்தியர் இருந்தார்.

பெயர் பிரேந்திரநாத் மஜும்தார். பீகாரின் கயாவில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்தவர். போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1940-ல் பிரான்ஸில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். கோல்டிட்ஸில் சக பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரைக் கூப்பிட்டது 'ஜம்போ' என்று. இந்தியா என்றால் யானை என்ற கணக்கு. அந்தப் புகழ்பெற்ற லண்டன் யானை ஜம்போ, ஆப்பிரிக்க யானை என்பது வேறு விஷயம்!

தானும் தப்பிக்க வேண்டும் என்று மஜும்தார் கேட்டபோது சிரிப்புதான் பதிலாகக் கிடைத்தது. உடையை மாற்றலாம், காகிதத்தில் பெயரை மாற்றலாம். ஜெர்மனியின் தெருவில் பழுப்பு நிறத் தோலை எதைப் போட்டு மறைப்பது?

காரணம் அது மட்டுமல்ல. அவரைச் சக கைதிகள் நம்பவில்லை. ஜெர்மானியர்கள் அவரை பெர்லினுக்கு அழைத்துப்போய் சுபாஷ் சந்திர போஸைச் சந்திக்க வைத்தார்கள். ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்திய வீரர்களைக் கொண்டு போஸ் படை திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மஜும்தாரும் இந்தியா விடுதலை பெற வேண்டும் என்று விரும்பியவர்தான். ஆனால், மன்னருக்குக் கொடுத்த சத்தியத்தை மீற முடியாது என்று மறுத்துவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே சிறைவாசம் முடிந்திருக்கும். மறுத்துவிட்டுத் திரும்பியவரை கோட்டையில் உளவாளி என்று சந்தேகித்தார்கள். யாருக்காக மறுத்தாரோ, அவர்களே!

இந்தியக் கைதிகள் இருக்கும் முகாமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. காந்தியின் வழியைப் பிடித்தார். உண்ணாவிரதம். உடல் தளர்ந்துகொண்டே போக, கடைசியில் ஜெர்மானியர்கள் இறங்கிவந்தார்கள். சுரங்கம் தோண்டாமல், கயிறு கட்டாமல், பட்டினி கிடந்தே கோல்டிட்ஸின் வாசலைத் தாண்டியவர் அவர். விளையாட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லாத வழி இது.

பிரான்ஸில் இருந்த முகாமிலிருந்து 1944-ல் இன்னோர் இந்தியருடன் தப்பினார். பிரெஞ்சு மக்களின் உதவியோடு, பல நூறு கிலோமீட்டர் நடந்து சுவிட்சர்லாந்தை அடைந்தார். கோல்டிட்ஸில் சிரித்தார்களே, அதே பழுப்பு நிறத்தோடுதான்!

போர் முடிந்த பிறகும், பெர்லின் சந்திப்பு பற்றி பிரிட்டிஷ் உளவுத்துறை அவரைக் குடைந்து குடைந்து கேட்டது. அதற்குப் பிறகும் அவர் பிரிட்டனிலேயே மருத்துவராக வாழ்ந்து, 1996-ல் காலமானார்.