இரண்டு கவர்

போன மாசம் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் மைக்கைப் பிடித்து, "அண்ணன் 31 வருஷமா நமக்கெல்லாம் கட்டுப் போட்டு விட்டாருங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆம்புலன்ஸ் ரூமில் கட்டுப் போடுவது கடைசி வேலை.

கோவையில் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் பவர் பிரஸ் சத்தம் கேட்கும். பெடலை மிதிக்கிற காலும் தகட்டைத் தள்ளுகிற கையும் ஒரு கணம் முன்பின்னானால் விரல் டைக்குள் போய்விடும். பீஸ் ரேட்டுக்காக மெஷினின் பாதுகாப்பு கார்டைக் கழற்றி வைக்கிற கதை ஊருக்கே தெரியும், அதை விடுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கம்பவுண்டரய்யா. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. கேன்டீனிலிருந்து கோழிக்கால் வாங்கி வந்து பிளேடால் கீறுவார். வெள்ளையாக இழுபடுவது எது, நூல் மாதிரிக் கிடப்பது எது என்று என்னையே சொல்ல வைப்பார். பிறகு என் விரலைக் காட்டி, "நுனியைப் பிழிஞ்சுட்டு அடியில ரெண்டு பக்கமும் அமுக்கு கண்ணு. வெளுத்தே நிக்குதா? ரத்தக்குழாய் ரெண்டு ஓரத்துலயும் ஓடுது. நடுவுல அமுக்கி என்ன பிரயோசனம்?" என்பார். முழுசாக அறுந்த குழாய் தானே சுருங்கிக்கொள்ளும், பாதி அறுந்ததுதான் கொட்டும் என்பதும் அவர் சொன்னதுதான். நேராக அமுக்கி, கையைத் தூக்கிப் பிடித்து, கடிகாரத்தைப் பார். பத்து நிமிஷத்துக்குள் துணியை எடுத்துப் பார்த்தால் மண்டையில் கொட்டுவார்.

அவரிடம் படித்தும் நான் தப்புச் செய்தேன். முதல் வருஷம், ஒரு பையனுடைய ஆள்காட்டி விரல். ஜூஸ் கடை ஐஸை டிபன் பாக்ஸில் கொட்டி, அதற்குள் விரலைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விறைத்துக் கருகிப்போயிருந்தது. ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துப்போகும், தண்ணீரில் ஊறினாலும் குழாயைத் தைக்க முடியாது. ஈரத்துணியில் சுற்றி ஒரு கவர், வாயைக் கட்டி, அதை ஐஸ் தண்ணீர் இருக்கிற இன்னொரு கவருக்குள் இறக்கு. இவ்வளவுதான் வித்தை. விரலில் தசை இல்லை, இப்படிக் கொண்டுபோனால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். கையே போனால் 6 மணி நேரம்தான் கணக்கு.

ஜப்பானில் நாரா ஊரில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள் துண்டான கட்டைவிரலை 1965லேயே ஒட்டிவிட்டார்கள். நம்மூரில் மேட்டுப்பாளையம் ரோட்டுக் கங்கா மருத்துவமனை கை ஆபரேஷனுக்குப் பேர்போனது. ஒட்டுகிறவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். விரல்தான் காப்பித்தூளும் மஞ்சளும் அப்பிப் போய்ச் சேருகிறது. தோலில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கத்தரித்து எடுத்து வருகிற மகராசன்களும் உண்டு.

150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, சான்றிதழ் வாங்கிய ஆள் ஒருவர், 500 பேரைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் ரூம் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. பெட்டி எல்லா இடத்திலும் இருக்கும். சாவி டைம் ஆபீசில் இருக்கும். சான்றிதழுக்கு இப்போது ஒரு மதியம் போதும். வீடியோ ஓடும், டீ வரும், போட்டோ எடுப்பார்கள். போன தடவை முடிந்ததும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு விரல் துண்டானால் என்ன செய்வாய் என்றேன். "108க்கு அடிப்பனுங்கண்ணா" என்றான். சரிதான். வண்டி வருகிற வரைக்கும்? செல்போனைப் பார்த்தான்.

கடைசி நாளன்று பிரஸ் ஷாப் பெட்டிக்குள் இரண்டு ஜிப் கவரை மடித்து வைத்துவிட்டு வந்தேன். பி.எஃப். கையெழுத்துக்காகப் போன வாரம் போனபோது திறந்து பார்த்தேன். ஒன்றில் கேன்டீன் டோக்கன் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்றைக் காணவில்லை.