கடுகளவு துளை

யாம் வசிப்பது கனடாவின் குவிபெக் மாகாணத்தில். 1959-இல் ஸ்கி-டூ என்னும் பனிவண்டியை வெளியிட்ட ஜோசப் அர்மான் பொம்பார்டியே பிறந்த மண்ணும் இதுவே. எம்முடைய பனிவண்டியில், எஞ்சினின் சூட்டை ஏந்திவரும் திரவம் இருக்கைக்கு அடியிலுள்ள அலுமினிய வெப்பமாற்றியினூடே ஓடும். சுழலும் பட்டை வாரியெறியும் பனி அதன்மீது பட்டுச் சூட்டைக் கவரும்.

சென்ற பனிக்காலத்தில் அத்திரவம் நாளுக்குநாள் சிறிது குறைந்து வந்தது. யாமோ குறைந்ததை நிரப்பினோமேயன்றிக் காரணத்தை ஆராய்ந்திலேம். ஒருநாள் மாலை, உறைந்த ஏரியின் நடுவே எஞ்சின் கொதித்து நின்றது. சிறுவனாகிய எம் மைந்தனின் கையைப் பற்றிக்கொண்டு 3 கிலோமீட்டர் இருளில் நடந்தோம். "அப்பா, இது முன்னரே உங்களுக்குத் தெரியாதா?" என்றான் அவன்.

வண்டியை வீடு சேர்த்தபின், பட்டையையும் அதனைத் தாங்கும் சட்டத்தையும் கழற்றினோம். பட்டையில் பதித்த ஆணியொன்று தளர்ந்து, வெப்பமாற்றியிற் கடுகளவு துளையிட்டிருந்தது. ரிவெட்டுகளைத் துளைத்தகற்றிப் புதியதைப் பொருத்தினோம். கிளைக்கால் கலந்த நீரை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்றினோம். வண்டி முன்போல் ஓடுகின்றது. மைந்தனுக்கோ இன்னும் விடை கூறிலேம்.

மாணவ நண்பர்காள், குறைவது கண்டால், நிரப்புமுன் ஏனென்று நோக்குக.