மிதியில் படிந்த கறை

ஆரணியில் எங்கள் வீட்டுக் குழித்தறிக்குப் பக்கத்தில் அமர்ந்துதான் அண்ணன் மகள் நோயாளிகளைப் பார்ப்பாள். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, விடுமுறைக்கு வந்திருந்தாள். மடிக்கணினித் திரையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தோன்றி நெஞ்சு வலிக்கிறது என்பார். கேள்வி கேட்கலாம், பரிசோதனை எழுதலாம், மருந்து கொடுக்கலாம். தவறினால் இறந்துபோவார். மறுபடி தொடங்கினால் அதே வலியோடு வந்து அமர்வார். "இன்றைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுச் சிரிப்பது எங்களுக்கு வழக்கமாயிற்று.

இத்தகைய ஒத்திகை புதிதல்ல. சுரைக்காயை அறுத்தும், நீர் நிரப்பிய தோல்பையைக் கீறியும் மாணவன் கை பழக வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. 1963இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ், நல்ல உடல்நலமுள்ள ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கினார். இந்தியாவில் 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் கல்லூரிதோறும் திறன் பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. நல்லதுதான். அதற்கு முன்பு முதல் ஊசி யார் கையில் இறங்கியது என்பது தர்மாஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஜக்கார்டு அட்டை மாதிரிதானே? ஓட்டை போட்ட பூதான் சேலையில விழும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் அது வரலாறு. 1804இல் ஜக்கார்டு செய்த தறியின் துளையட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அவரையே நோயாளியாக்கிப் பழகினாள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்.

"தாத்தா, கால் மரத்துப்போகுதா?"

"தறிக்காரன் கால் எப்போம்மா மரக்காம இருந்தது?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தபடி 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். திரையில் இருப்பவர் கேலி பேசுவதில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறார்.

எட்டு நாள் கழித்து, தறிக்குழியைக் கூட்டிய அம்மா மிதிப்பலகையில் கறுத்த கறையைக் கண்டாள். சாயம் என்றே முதலில் நினைத்திருக்கிறாள். அப்பாவின் வலக்கால் சுண்டுவிரலுக்கு அடியில் மரச்சிலாம்பு ஏறிச் சீழ்பிடித்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. வேலூருக்குக் கொண்டுபோனோம். விரலை எடுத்தார்கள், கால் தப்பியது.

அண்ணன் மகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மட்டும் அந்தக் குறிப்பேட்டைக் காட்டிக்காட்டி அழுதாள். உண்மையில் அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள் ஆறு பேர். அதில் நான்கு பேர் தறிக்காரர்கள்.

பயிற்சியை அவள் விடவில்லை. இப்போதும் திரையில் ஆட்கள் இறக்கிறார்கள், எழுந்து வருகிறார்கள். ஆனால் ஊருக்கு வந்தால் பையை வைத்ததும் தறிக்குழியின் விளிம்பில் அமர்ந்து, எதுவும் கேட்காமல் அப்பாவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறாள்.

"டாக்டரம்மா காலைத் தொடுறதாவது, விடும்மா" என்று அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்வார்.

"ஆடாம இருங்க தாத்தா. இன்னொரு கால்."